ஆய்வகக் கதவில் உள்ள அபாய எச்சரிக்கைப் பலகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகக் கதவில் இருக்கும் மஞ்சள் முக்கோணங்கள் உள்ளே வேலை செய்கிறவர்களின் கண்ணுக்குச் சில நாளில் பழகிப்போகின்றன. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கோ அவற்றில் பாதி புரிவதில்லை. இந்த இரண்டு தரப்பும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கதவில் இருக்கும் பலகை யாருக்காக?

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காக. இரவில் பெருக்க வரும் தூய்மைப் பணியாளர், விளக்கு மாற்ற வரும் எலெக்ட்ரீஷியன், குழாய் கசிகிறது என்று கூப்பிட்டு வந்த பிளம்பர், பக்கத்து அறை மாணவர், எல்லாருக்கும் மேலாக நள்ளிரவில் புகை வரும் கதவின் முன் நிற்கிற தீயணைப்பு வீரர். அந்த அறையின் ஆய்வாளருக்கு எந்த அலமாரியில் எந்தப் பாட்டில் என்று மனப்பாடமாகத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவதெல்லாம் கதவு சொல்வது மட்டும்தான். அதனால் ஒரு பலகை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த ஆய்வகத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரைக் கதவு முன் நிறுத்தி, "உள்ளே போகலாமா, போனால் எதற்குப் பயப்பட வேண்டும், ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் பலகை வேலை செய்கிறது.

முக்கோணம், வட்டம், சதுரம் என்று வடிவங்கள் ஏன் மாறுகின்றன?

ஐஎஸ்ஓ 7010 என்ற சர்வதேசத் தரத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. கறுப்பு விளிம்புள்ள மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வட்டம் தடை. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது: கண்ணாடி போடு, கையுறை போடு. பச்சைச் சதுரமும் செவ்வகமும் தப்பிக்கும் வழி, முதலுதவி, கண் கழுவும் குழாய், அவசர ஷவர் ஆகியவற்றைக் காட்டும். சிவப்புச் சதுரம் தீயணைப்புக் கருவிகளுக்கு. நிறத்தோடு வடிவமும் மாறுவதால், நிறங்களைப் பிரித்தறிய முடியாதவரும் குறியைப் புரிந்துகொள்ள முடியும்.

பாட்டிலில் சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரம் இருக்கிறதே, அதைக் கதவிலும் ஒட்டலாமா?

அது ஜிஎச்எஸ் முறை. வேதிப்பொருள்களை வகைப்படுத்தி லேபிள் ஒட்டுவதற்காக ஐக்கிய நாடுகள் சபை 2003-ல் வெளியிட்டது. மொத்தம் ஒன்பது படங்கள். அவை பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் உரியவை: இந்தக் கலனுக்குள் இருப்பது என்ன செய்யும் என்பதைச் சொல்பவை. கதவு சொல்ல வேண்டியது அறையைப் பற்றி. பல நிறுவனங்கள் கதவிலும் இதே படங்களைப் பயன்படுத்துகின்றன, அதில் தவறில்லை. ஆனால் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலின் படத்தையும் கதவுக்குக் கொண்டுவந்தால் எல்லா ஆய்வகக் கதவும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆச்சரியக்குறி போட்ட படம் கிட்டத்தட்ட எந்த வேதியியல் அறைக்கும் பொருந்தும். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற எச்சரிக்கையால் ஒருவருக்கும் பயனில்லை.

நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு கட்டம் உள்ள சாய்சதுரத்தில் எண்கள் எதற்கு?

அது அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 704-ஆம் தரம். தீயணைப்பு வீரர்கள் தூரத்திலிருந்தே படித்துவிட வேண்டும் என்பதற்காக வந்தது. நீலம் உடல்நலக் கேடு, சிவப்பு தீப்பற்றும் தன்மை, மஞ்சள் வெடிக்கும் அல்லது சிதையும் தன்மை. ஒவ்வொன்றிலும் 0 முதல் 4 வரை எண். 4 மிக மோசம். டைஎத்தில் ஈதருக்குச் சிவப்பில் 4, அசிட்டோனுக்கு 3. வெள்ளைக் கட்டத்தில் சிறப்புக் குறிகள்: குறுக்குக் கோடு போட்ட 'டபிள்யூ' எழுத்து இருந்தால் தண்ணீர் பட்டால் ஆபத்து, 'ஓஎக்ஸ்' என்றால் ஆக்சிஜனேற்றி, 'எஸ்ஏ' என்றால் மூச்சை அடைக்கும் வாயு.

அந்தக் குறுக்குக் கோட்டு எழுத்தைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். சோடியமோ லித்தியமோ உலோக ஹைட்ரைடோ இருக்கும் அறைக்குள் தண்ணீர் அடித்தால் ஹைட்ரஜன் கிளம்பும், தீ பெரிதாகும். கதவில் அது இல்லாவிட்டால் வீரர்கள் பழக்கப்படி தண்ணீரைத்தான் திறப்பார்கள்.

அப்புறம் ஒரு பெரிய குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஜிஎச்எஸ் முறையிலும் எண்கள் உண்டு, ஆனால் அங்கே வரிசை தலைகீழ்: வகை 1 தான் மிக ஆபத்தானது. பொருளின் பாதுகாப்புத் தாளில் "தீப்பற்றும் திரவம், வகை 1" என்று பார்த்துவிட்டுக் கதவுச் சாய்சதுரத்தின் சிவப்பில் 1 என்று எழுதினால், மிக மோசமான பொருளை ஏறக்குறைய ஆபத்தில்லாதது என்று அறிவித்ததாக ஆகிவிடும். பலகை தயாரிக்கிறவர் இந்த ஒன்றை மட்டுமாவது இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும்.

ஒரே அறையில் பல பொருள்கள் இருந்தால் ஒவ்வொரு நிறத்திலும் உள்ளவற்றில் மிக உயர்ந்த எண்ணை எடுத்து ஒரே சாய்சதுரமாகப் போடும் வழக்கம் உண்டு.

மூன்று வளையக் கொம்புகள் போன்ற உயிரியல் அபாயக் குறி எங்கிருந்து வந்தது?

1966-ல் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் சார்லஸ் பால்டுவின் தலைமையில் உருவாக்கினார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஆய்வகமும் தனக்கென்று ஒரு குறியும் நிறமும் வைத்திருந்தது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாதிரிகள் போகும்போது கையில் வாங்குகிறவருக்கு எதுவும் புரியாது. புதுக் குறிக்கு அவர்கள் வைத்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும்: பார்த்தவுடன் மனதில் பதிய வேண்டும், ஆனால் முன்கூட்டியே எந்த அர்த்தமும் இருக்கக் கூடாது. அப்போதுதான் அதற்கு ஒரே அர்த்தத்தைப் பழக்க முடியும். பெட்டியை எப்படித் திருப்பி வைத்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதால் மூன்று பக்கமும் ஒரே மாதிரி. 1967-ல் சயன்ஸ் இதழில் பால்டுவினும் ராபர்ட் ரங்கிளும் இதை முன்வைத்தார்கள்.

அந்தக் குறியோடு என்ன எழுதியிருக்க வேண்டும்?

குறி மட்டும் போதாது. உயிர்ப் பாதுகாப்பு நிலை எது, பொறுப்பாளர் யார், அவருடைய தொலைபேசி எண், உள்ளே போக என்ன அணிய வேண்டும், வெளியே வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் வேண்டும். நிலைகள் நான்கு. நோய் உண்டாக்காத ஈ.கோலை வகைகளை வைத்து வேலை செய்வது நிலை 1. ஹெபடைடிஸ் பி, ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை நிலை 2. காச நோய்க் கிருமி போலக் காற்றில் பரவுகிறவற்றை வளர்க்கும் வேலை நிலை 3. அங்கே தானாக மூடும் இரண்டு கதவுகளைக் கடந்துதான் போக முடியும், காற்று எப்போதும் வெளியிலிருந்து உள்நோக்கி ஓடும். எபோலா போன்றவை நிலை 4.

நிலை 3, 4 அறைக்குள் யாரும் தவறிப்போய் நுழைவதில்லை, பூட்டு விடாது. நிலை 2 அறையில்தான் கதவுப் பலகைக்கு முழு வேலையும் இருக்கிறது. பகலெல்லாம் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் சாதாரணக் கதவு அது. உள்ளே குளிர்பெட்டியில் யாரோ ஒரு நோயாளியின் ரத்தம் இருக்கும்.

கிருமியின் பெயரைக் கதவில் எழுதலாமா? திருட்டு பயம் இல்லையா?

நியாயமான கவலைதான். ஆபத்தான கிருமிகள் விஷயத்தில் பெயரைக் கதவில் போடுவதா வேண்டாமா என்பதை நிறுவனத்தின் கொள்கை முடிவு செய்யும். பெயரை மறைத்தாலும் நிலையையும் தொடர்பு எண்ணையும் மறைக்கக் கூடாது. முழுப் பட்டியலைப் பாதுகாப்பு அலுவலகத்தில் வைத்து, அவசரக் குழு கேட்டவுடன் கொடுக்கும்படி ஏற்பாடு செய்யலாம்.

மூன்று இதழ் கதிரியக்கக் குறி இருக்கும் அறைக்குள் போனாலே கதிர்வீச்சு படுமா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே கதிரியக்கப் பொருள் இருக்கிறது அல்லது கதிர்வீச்சு உண்டாக்கும் கருவி இருக்கிறது என்பதுதான் அதன் செய்தி. அளவு கொஞ்சமா நிறையவா என்பதைப் பக்கத்தில் உள்ள எழுத்து சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரே கருவி மட்டும் உள்ள அறையில் மின்சாரத்தை அணைத்தால் கதிர்வீச்சும் நின்றுவிடும். கதிரியக்கப் பொருள் உள்ள அறையில் அணைக்க சுவிட்ச் கிடையாது, அது எப்போதும் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். அதோடு பொடியாகவோ திரவமாகவோ இருந்தால் கையிலும் செருப்பிலும் ஒட்டி வெளியேயும் வரும். இரண்டுக்கும் முன்னால் ஒரே மூன்று இதழ்தான். அதனால் "எக்ஸ்ரே கருவி" என்றோ "கதிரியக்கப் பொருள்" என்றோ தெளிவாக எழுதியிருப்பது மிக முக்கியம். மின்சாரம் போன இரவில் உள்ளே போகலாமா என்று யோசிக்கிறவருக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

குறி பிறந்தது 1946-ல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில். முதலில் நீலப் பின்னணியில் கருஞ்சிவப்பு இதழ்கள். பிறகுதான் மஞ்சள் பின்னணி வந்தது.

மண்டை ஓடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்புக் கதிரியக்க முக்கோணத்தைக் கதவில் ஒட்டலாமா?

கூடாது. அது சர்வதேச அணுசக்தி முகமையும் ஐஎஸ்ஓவும் 2007-ல் அறிமுகப்படுத்திய கூடுதல் குறி. மூன்று இதழைப் பார்த்து ஆபத்து என்று புரிந்துகொள்ளாதவர்களும் ஓடிவிட வேண்டும் என்பது நோக்கம். 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்தார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய கதிர்மூலம் உள்ள கருவியின் உட்பகுதியில், யாராவது அதைப் பிரிக்க ஆரம்பித்தால் கண்ணில் படும்படி வைப்பதற்கானது. கட்டிடக் கதவில் வைக்கக் கூடாது என்று அறிமுகத்தின்போதே சொல்லிவிட்டார்கள்.

லேசர் அறைக் கதவில் விளக்கு எரிந்தால்?

உள்ளே போகாதீர்கள். கதவைத் தட்டுங்கள், அல்லது எழுதியிருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள்.

லேசர்கள் 1 முதல் 4 வரை வகைப்படும். 4-ஆம் வகையில் நேரடிக் கதிர் மட்டுமில்லாமல், சுவரில் பட்டுச் சிதறி வரும் ஒளியும் கண்ணைக் கெடுக்கும், துணியில் தீப்பிடிக்கவும் செய்யும். தொடர் ஒளி லேசரில் அரை வாட்டுக்கு மேல் போனாலே அந்த வகைதான். 1064 நானோமீட்டர் போன்ற அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்கே தெரியாது, அதனால் இமை மூடாது. விழித்திரை சுட்ட பிறகுதான் தெரியும்.

கதவுப் பலகையில் வகை, அலைநீளம், திறன் மூன்றும் இருக்க வேண்டும். அலைநீளம் ஏன் என்றால், பாதுகாப்புக் கண்ணாடி ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித்தனி. 532 நானோமீட்டர் பச்சை லேசருக்கான கண்ணாடி 1064-க்குப் பயன்படும் என்று உத்தரவாதம் இல்லை. கண்ணாடியைக் கதவுக்கு வெளியேயே மாட்டி வைப்பது நல்ல வழக்கம்.

விளக்கு லேசரோடு இணைந்திருக்க வேண்டும். காலையில் போட்டு மாலையில் அணைக்கிற விளக்காக இருந்தால், லேசர் ஓடாத நேரத்திலும் எரியும். ஒரு வாரத்தில் யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

காந்தப்புல எச்சரிக்கை அவ்வளவு முக்கியமா? காந்தம்தானே?

மிக முக்கியம். மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் என்எம்ஆர், உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ ஆகிய கருவிகளின் மீக்கடத்திக் காந்தம் (வெளி மின்சாரம் இல்லாமலேயே தொடர்ந்து இயங்கும் காந்தம்) இரவிலும் விடுமுறையிலும் மின்தடையிலும் வேலை செய்துகொண்டே இருக்கும். கருவி ஓடும் சத்தம் இல்லை என்பதால் காந்தம் இல்லை என்று ஆகாது. காந்தப்புலத்தின் வலிமை 5 காஸ், அதாவது 0.5 மில்லிடெஸ்லா இருக்கும் எல்லைக்குள் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் போகக் கூடாது என்பது நீண்ட காலமாகப் பின்பற்றப்படும் விதி. அந்த எல்லை சில சமயம் சுவரைத் தாண்டி நடைபாதைக்கும் பக்கத்து அறைக்கும் மேல்தளத்துக்கும் போகும், ஆகவே பலகையும் அங்கே போக வேண்டும். இரும்பு ஏணியோடு வரும் எலெக்ட்ரீஷியன், முதுகில் எஃகு சிலிண்டர் கட்டிய தீயணைப்பு வீரர் ஆகியோரை நினைத்துக்கொண்டு அந்தப் பலகையை எழுதுங்கள்.

திரவ நைட்ரஜன் விஷமில்லையே, அதற்கு எதற்குக் கதவில் எச்சரிக்கை?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வகத்தில் மிகக் குறைவாக மதிக்கப்படும் ஆபத்து இதுதான்.

நாம் மூச்சு விடும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். விஷமில்லை, மணமில்லை, நிறமில்லை. ஆனால் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அந்தத் திரவம் 1 லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள மூடிய அறையை எடுத்துக்கொள்ளுங்கள்: 48 கன மீட்டர். அதில் 10 லிட்டர் கொட்டினால் 7 கன மீட்டர் நைட்ரஜன் சேரும், அந்த அளவுக்குக் காற்று வெளியே தள்ளப்படும். 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கும். ஆக்சிஜன் அளவிடும் கருவிகள் வழக்கமாக அலறும் எல்லை 19.5. 10 லிட்டர் என்பது ஒரு சின்னக் கலன்தான். 50 லிட்டர் கலன்களையும் சாதாரணமாகப் பார்க்கலாம். அது முழுவதும் ஆவியானால் 35 கன மீட்டர்.

மூச்சுமுட்டினால் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. நம் உடலுக்கு மூச்சுத்திணறலை உணர்த்துவது முக்கியமாக ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. நைட்ரஜன் நிறைந்த அறையில் நாம் கரியமில வாயுவை வழக்கம்போல வெளியேற்றிக்கொண்டே இருப்போம், அதனால் எந்த அவஸ்தையும் இருக்காது. ஆக்சிஜன் மிகவும் குறைந்திருந்தால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். கீழே விழுந்தவரைத் தூக்க ஓடுகிறவரும் அவர் பக்கத்திலேயே விழுவார். இப்படித்தான் ஒரு மரணம் இரண்டாகிறது.

அதனால் அந்தக் கதவில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். மூச்சுத்திணறல் எச்சரிக்கை முக்கோணம். ஆக்சிஜன் அளவை வெளியிலிருந்தே படிக்கும் திரை, அல்லது கதவுக்கு வெளியே அலாரம். "அலாரம் அடித்தால் உள்ளே போகாதீர்கள், உள்ளே யாராவது விழுந்து கிடந்தாலும் போகாதீர்கள், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்ற வாசகம். கடைசி வாக்கியம் கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனாலும் அதை எழுதுங்கள், ஏனென்றால் அந்த நொடியில் நல்ல மனசுள்ளவர் எவரும் உள்ளே ஓடத்தான் செய்வார்.

தரையில் தவழும் வெள்ளைப் புகையை நைட்ரஜன் என்று நினைக்காதீர்கள். அது காற்றிலிருந்த நீராவி குளிர்ந்து நுண்துளிகளானது. புகை கலைந்த பிறகும் நைட்ரஜன் அங்கேயே இருக்கலாம்.

ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும் அறைக்குத் தனிப் பலகை வேண்டுமா?

வேண்டும். "அரிக்கும் பொருள்" என்ற பொதுக் குறி இந்த அமிலத்துக்குப் போதாது. நீர்த்த கரைசல் பட்டால் உடனே வலிக்காமல் இருக்கலாம், மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். அதற்குள் தோலைக் கடந்து உடம்பின் கால்சியத்தைப் பிடித்துவிடும். பெயரை எழுதுங்கள், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

ஒரு கதவில் எத்தனை குறி போடலாம்?

இத்தனைதான் என்று விதி இல்லை. என் கருத்து, நான்கைந்துக்கு மேல் போனால் மறுபடி யோசிக்க வேண்டும். இருபது ஸ்டிக்கர் ஒட்டிய கதவை யாரும் படிப்பதில்லை. உள்ளே நுழைகிறவரைப் பாதிக்கக்கூடியது எது, தீயணைப்பு வீரரின் முடிவை மாற்றக்கூடியது எது என்ற இரண்டு கேள்வியில் தேறுவது மட்டும் கதவில் இருக்கட்டும். மற்றவை குளிர்பெட்டியிலும் அலமாரியிலும் நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கி மேடையிலும் அந்தந்த இடத்தில் இருக்கலாம்.

தொடர்பு எண்ணாக யாருடையதைக் கொடுப்பது?

இரவு 2 மணிக்கும் எடுக்கக்கூடியவருடையதை. அலுவலக மேசைத் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதுவது பரவலாக நடக்கிறது. மாலைக்குப் பிறகு அதை எடுக்க ஆளில்லை. குறைந்தது இரண்டு பேர், அவர்களில் ஒருவர் ஆய்வகத்தைத் தினமும் பார்க்கிறவராக இருக்கட்டும். பேராசிரியரின் பெயர் மட்டும் இருந்தால், அவர் வெளியூரில் இருக்கும் நாளில் பலகையில் யாருமே இல்லாததற்குச் சமம்.

எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?

உள்ளே ஏதாவது மாறும்போதெல்லாம்: புதுப் பொருள், புதுக் கருவி, பொறுப்பாளர் மாற்றம். எதுவும் மாறாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்து, பார்த்த தேதியைப் பலகையிலேயே எழுதுங்கள். தேதி இல்லாத பலகையை நம்புவது கஷ்டம். இல்லாத ஆபத்தைச் சொல்லும் பலகையும் கெடுதல்தான். கதிரியக்க வேலை எப்போதோ நின்றுபோன அறையில் குறி மட்டும் தொங்கினால், அந்தக் கட்டிடத்தில் இருப்பவர்கள் மூன்று இதழைப் பார்த்தும் பார்க்காதது போலப் போகப் பழகிவிடுவார்கள். பிறகு உண்மையாகவே கதிர்மூலம் உள்ள அறையிலும் அப்படியே நுழைவார்கள்.

பலகையை எங்கே மாட்டுவது?

கண் உயரத்தில், கைப்பிடிப் பக்கத்துச் சுவரில். கதவிலேயே ஒட்டினால், கதவு திறந்து கிடக்கும்போது பலகை உள்பக்கம் போய்விடும். அறைக்கு இரண்டு வாசல் இருந்தால் இரண்டிலும் வேண்டும். சாமான் கொண்டுவரும் பின்வாசல்தான் அடிக்கடி விட்டுப்போகும்.

இரவு முழுக்க ஓடும் பரிசோதனையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா?

அனுமதி இருந்தால் போகலாம், ஆனால் கதவில் தனித்தாள் வேண்டும்: என்ன ஓடுகிறது, என்ன பொருள், எப்போது தொடங்கியது, எப்போது முடியும், குளிர்நீர் நின்றால் அல்லது மின்சாரம் போனால் எதை மூட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். முடிந்தவுடன் தாளைக் கிழித்துவிடுங்கள்.

நான் தூய்மைப் பணியாளர். குறி போட்ட அறைக்குள் போகச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

எதைத் தொடக் கூடாது, எந்தக் குப்பையை எடுக்கக் கூடாது, என்ன அணிய வேண்டும், ஏதாவது கொட்டியிருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும். இந்த நான்குக்கும் பதில் கிடைக்காமல் உள்ளே போக வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது ஆய்வகத்தின் கடமை. பலகை உங்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மாற்ற வேண்டியது அவர்கள்தான்.

ஆய்வகத்தைக் காலி செய்கிறோம். பலகையை எப்போது கழற்றலாம்?

எல்லா வேலையும் முடிந்த பிறகு. பாட்டில்களும் சிலிண்டர்களும் வெளியேற வேண்டும், குளிர்பெட்டி காலியாக வேண்டும், மேசைகளையும் தொட்டிகளையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், கதிரியக்கம் இருந்த இடத்தில் மேற்பரப்பைத் துடைத்து எடுத்து அளந்து பார்த்திருக்க வேண்டும். அதுவரை பழைய பலகையே இருக்கட்டும். வேறு இடத்துக்குப் போகும் குளிர்பெட்டி, மையவிலக்கி ஆகியவற்றில் உள்ள குறிகளையும் சுத்தம் செய்த பின் உரித்துவிடுங்கள். கடைசியாகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும், அறைப் பட்டியல் வைத்திருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அவர்களிடம் உள்ள பிரதியிலும் அந்த அறையை நீக்கச் சொல்லுங்கள்.